உப்பு பார்க்கிற நாக்கும் எங்கள் சிவப்பு வெளிச்சமும்

வெளிச்சத்தால் வைத்தியம் செய்கிற நாங்கள் நோயாளிக்குச் சொல்கிற முதல் புத்திமதி, வெளிச்சத்தில் போகாதீர்கள் என்பதுதான். புதுச்சேரி வெயிலில் இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிய நர்சுகளே, உங்களுக்குத்தான் இது. ஊசியில் போகும் மருந்து கெட்ட சதையில் அதிகமாகத் தங்கும். சில நாள் கழித்து அங்கே சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால், மருந்து வேலையைத் தொடங்கி அந்தச் சதையைக் கொல்லும். கத்தி கிடையாது. ஆனால் மருந்து உடம்பைவிட்டுப் போகும்வரை வெயில் பட்டால் நல்ல தோலும் வெந்துவிடும்.

இரண்டு வழி

ரஹீம் பாய் பிரியாணி மாஸ்டர். முல்லா வீதிப் பக்கம் பெரிய கல்யாணம் என்றால் அடுப்பில் ஏறுவது அவர் தேக்சாதான். நாக்கின் ஓரத்தில் ஆறாத புண் ஒன்று, பரிசோதனையில் புற்றுநோய் என்று வந்தது. ஆரம்ப நிலை. மகள் ஷமீமாவுக்கு நிக்காஹ் குறித்தாகிவிட்டது.

டாக்டர் எதையும் மறைக்கவில்லை. அறுவை சிகிச்சை நன்றாகப் பழகிய வழி, ஆனால் நாக்கில் ஒரு பகுதி போகும். ஒளி சிகிச்சை ஆழமில்லாமல் மேலோட்டமாக இருக்கும் புண்ணுக்குத்தான். அதில் முழுதாகப் போகாவிட்டால் பிறகு கத்திதான். பாய் ஒளியைத்தான் கேட்டார்.

"உசுரு பெருசுதான் டாக்டர், இல்லன்னு சொல்லல. ஆனா உப்பு தெரியாத நாக்க வச்சிக்கினு எம்பொண்ணு கல்யாணத்துல பந்திக்குத் தண்ணி ஊத்தவா நிப்பேன்?"

சித்திரையில் ஸ்வெட்டர்

ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பும்போது முழுக்கைச் சட்டை, கையுறை, கறுப்புக் கண்ணாடி, குடை எல்லாம் கட்டாயம் என்றேன். கழுத்தை மறக்காதீர்கள் என்று இரண்டு முறை சொன்னேன். பாய் வீட்டம்மா ஒரு படி மேலே போய் ஸ்வெட்டரும் மங்கி குல்லாவும் கொண்டுவந்துவிட்டார். ஆட்டோவின் இரண்டு பக்கமும் போர்வை கட்டி ஏற்றினோம். வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது.

தெரு முனையில் டீக்கடைக்காரர் ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டதை ஷமீமா என்னிடம் சொன்னாள்: "என்னா பாய், சொல்லாம கொள்ளாம ஊட்டிக்குக் கெளம்பிட்டீங்க?"

நீலக் கால்

பாய்க்கு ஒளி பாய்ச்சிய அன்று அடுத்த முறை வெல்டர் குமாருடையது. எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை, உடம்பில் சர்க்கரை, காலில் மருந்துக்கு மசியாத கிருமியோடு ஒரு புண். இதற்கு ஊசி வேண்டாம். புண்ணின்மேல் நீலச் சாயம் தடவி அதே சிவப்பு ஒளியைக் காட்டினால் கிருமி சாகும். சாயம் அந்த இடத்தோடு நின்றுவிடுவதால் வெயிலுக்கும் பயப்பட வேண்டியதில்லை. பல வாரம் வந்தார். செருப்பு போட முடியாமல் வந்தவர் கடைசியில் ஷூ போட்டு வந்தார். அந்த ஷூவை எங்கள் அறையில் எல்லாரும் எட்டிப் பார்த்தோம்.

முதல் நாள், ஒளி கண்ணில் படாமலிருக்கக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டபோது அவர் சொன்னது: "அங்க வெல்டிங்குல வெளிச்சத்தப் பாக்காதன்றாங்க, இங்க வெளிச்சந்தான் மருந்துன்றீங்க. எங்க போனாலும் இந்தக் கண்ணாடி மட்டும் நம்மள விடமாட்டேங்குது சிஸ்டர்."

சினிமாக் கொட்டகை

ஒளி பாய்ச்சிய பிறகு பாயின் வாய் வீங்கியது. கஞ்சிதான் சாப்பாடு. நலம் விசாரிக்கப் போன் செய்தேன். "அத்தா எந்த மூலையில இருக்காருன்னு எங்களுக்கே தெரியல சிஸ்டர்" என்றாள் ஷமீமா. ஜன்னலுக்கு அட்டை, கதவிடுக்கில் துணி, பல்பையும் கழற்றியாகிவிட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெயில்தான் கூடாது. வீட்டுக்குள் சாதாரண விளக்கு வெளிச்சம் வேண்டும், அதில்தான் தோலில் மிச்சமுள்ள மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். முழு இருட்டில் அது அப்படியே தங்கிவிடும். உடனே பல்பை மாட்டச் சொன்னேன்.

போனை வாங்கிக் குழறிக் குழறிப் பேசினார் பாய்: "ரொம்பவும் கூடாது, இல்லாமயும் இருக்கக் கூடாது. உப்பு மாதிரின்னு மொதல்லயே சொல்லியிருந்தா புரிஞ்சிருக்குமே சிஸ்டர்!"

அன்றிலிருந்து எல்லா நோயாளிக்கும் அப்படித்தான் சொல்கிறேன்.

மண்டபம்

கல்யாணத்துக்கு முந்தின வாரம் டாக்டர் பார்த்தார். புண் இருந்த இடத்தில் புதுத்தோல். மறுபடி எடுத்த சதைத் துணுக்கில் கெட்டது எதுவும் இல்லை. விடாமல் வந்து காட்ட வேண்டும் என்பது தவிர வேறு நிபந்தனை இல்லை. ஆனால் வெயில் தடை இன்னும் முடியவில்லை. பாய்க்காக நிக்காஹ்வைப் பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகைக்குப் பிறகு என்று மாற்றினார்கள். வீடியோ விளக்கு கூடாது என்றதும் வீடியோக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நான் டியூப்லைட்டுகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே உள்ளே போனேன். நம் தொழில் அப்படி.

சமைத்தது பாயின் ஆட்கள். தேக்சாவின் மூடியைத் திறந்தார்கள். பாய் நாலு பருக்கை எடுத்து, சிகிச்சை செய்த அதே ஓரத்தில் வைத்துக் கண்ணை மூடினார். அந்த நாக்கில் ஒளி பாய்ச்சியபோதுகூட நான் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை.

"டேய், உப்பு கம்மிடா! எவன்டா பாத்தது?"

உப்பு போட்டவர் தலையைத் தொங்கப் போட்டார், மணப்பெண்ணின் அம்மா வாய்விட்டு அழுதார், எங்கள் ஒளி சிகிச்சை அறைக்கு இதுவரை கிடைத்த நற்சான்றுகளில் உயர்ந்ததோ ஒரு தேக்சா பிரியாணியின்மேல் வந்த புகாராகிவிட்டது.