சுருட்டி வைத்த எல்லைக்கோடு

ஓசூரில் ஆண்டுதோறும் பத்துக் கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் நடத்தும் குழுவில் நானும் ஒருவன். கொரோனா ஆண்டில் கூட்டம் கூடாது என்பதால், அவரவர் ஊரிலேயே தனியாக ஓடி, செல்போனில் பதிவான தூரத்தை அனுப்பினால் பதக்கம் தபாலில் வரும் என்று அறிவித்தோம். நேரக்கெடு வைக்கவில்லை. பாகலூரிலிருந்து ஒரு பெண் மூன்று மணி நேரத்தில் முடித்ததாக அனுப்பியிருந்தார். இவ்வளவு நேரமா என்று சிரித்துக்கொண்டேதான் பதக்கத்தை அனுப்பினேன்.

மறுபடி சாலையில் பந்தயம் தொடங்கியபோது பழைய விதியையே எடுத்துப் போட்டேன். இரண்டு மணி நேரத்தோடு சரி. கெடு முடிந்ததும் எல்லைக்கோடாக விரித்திருந்த வெள்ளை நாடாவைச் சுருட்டி வேனில் ஏற்றினோம். எல்லோரும் போய்விட்டார்கள். நான் மட்டும் மைதானத்தில் காலி பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஊன்றுகோலோடு ஒரு பெண் உள்ளே வந்தார். நெஞ்சில் எங்கள் பந்தய எண்.

"அண்ணா, கோடு எங்க இருந்துச்சு?"

எனக்கே சரியாகத் தெரியவில்லை. குத்துமதிப்பாக ஓரிடத்தில் ஷூவால் மண்ணில் கோடு கிழித்தேன். அவர் அதைத் தாண்டி நின்று மூச்சு வாங்கினார்.

"பாகலூருங்களா?" என்றேன்.

"ஆமாங்ணா. அந்தக் கொரோனா வருசமே தேவலைங்ணா. அப்ப எல்லாருமே தனியாத்தானே ஓடுனாங்க."

இப்போது கடைசி ஆள் வரும்வரை நாங்கள் நாடாவைச் சுருட்டுவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் பட்டியலில் அவர் பெயரைத் தேடுகிறேன். வருவதே இல்லை.