வகுப்பறைக் கணினியில் நான் போட்ட பிளாப்பி

ஓசூரில் தொழிற்சாலை ஊழியர்களுக்கு இரண்டு நாள் கணினிப் பாதுகாப்புப் பயிற்சி நடந்தது. பாகலூரிலிருந்து போய் வகுப்பறை உதவியாளராகத் தொண்டு செய்தேன். வெளியிலிருந்து பிளாப்பி வட்டு எதுவும் உள்ளே வராமல் வாசலில் சோதிப்பது என் வேலை. முதல் நாள் மதியம், மகளின் கல்லூரி ப்ராஜெக்ட் இருந்த ஒரே பிளாப்பியை, அச்செடுக்க நானே அங்கிருந்த கணினியில் போட்டுவிட்டேன்.

"ஏங்க மேடம், வைரஸ் எப்படிப் பரவுதுன்னு காட்டத்தான் அந்த மிஷின்ல வைரஸ் ஏத்தி வெச்சிருக்கோம். எல்லார் பையையும் சோதிச்சிட்டு நீங்களே போட்டுட்டீங்களே," என்றார் பயிற்சியாளர்.

அது மகளின் ஆறு மாத உழைப்பு. அதை அவரிடம் சொன்னேன். பிளாப்பியை வெளியே எடுத்துப் பார்த்தவர், "பொண்ணு வெவரம்தாங்க. புதுசா எதுவும் பதியாம இருக்க வட்டோட ஓரத்துப் பூட்டைத் தள்ளி வெச்சிருக்கு, வைரஸும் ஏறியிருக்காது. தப்பிச்சீங்க," என்றார்.

மறுநாளும் போனேன். வாசலில் முதலில் என் கைப்பையைத் திறந்து இன்னொருவரிடம் சோதிக்கக் கொடுத்தேன். இனி எந்தப் பயிற்சிக்குப் போனாலும் அப்படித்தான்.