ஹெப்சிபாவின் வாயும் மம்சாபுரத்துக் கோப்பையும்

ஹெப்சிபாவுக்கு வாய் சும்மா இருக்காது. யாராவது தும்மினால் போதும், "ஏட்டி, காய்ச்சலா? கசாயம் போட்டுத் தரட்டா?" என்று வந்து நிற்பாள். ராஜபாளையம் ரோட்டு நூல் மில்லில் எனக்குப் பக்கத்து மிஷின். முப்பத்தாறு வயது, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிறவள் என்பதால் அப்படி ஒரு மூச்சு! அவள் கபடி கபடி என்று பாடிப் போனால் எதிராளிகளுக்குத்தான் மூச்சு வாங்கும். எங்கள் மம்சாபுரம் பெண்கள் அணியில் அவளுக்கு நிகர் கிடையாது. அணித்தலைவி முனீஸ்வரி சொல்கிறேன். சும்மா யாரையும் புகழ்கிற ஆள் நான் இல்லை.

அந்த வாய்தான் போன வருடம் எங்களைக் கவிழ்த்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பொங்கல் விளையாட்டு, இறுதி ஆட்டம். இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறாள். எதிரணி ராஜபாளையத்து நாராயணி கால் மடங்கி விழுந்தாள். உடனே இவள், "ஏட்டி, அடி பட்டுச்சா?" என்று கேட்டுவிட்டாள். பாட்டு நின்றால் ஆள் அவுட். கோப்பை போயே போச்சு.

நாலு மாதம் அவளோடு நான் பேசவில்லை. இந்த வருடம் அணியில் கிடையாது என்றும் சொல்லிவிட்டேன்.

"ஒரே ஒரு தடவைக்கா. நடுவுல பேசிட்டேன்னா இனிமே களத்துப் பக்கமே வரமாட்டேன்."

கண் கலங்கிவிட்டாள். அதைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை.

மறுபடியும் அதே ராஜபாளையம், அதே இறுதி ஆட்டம். ஹெப்சிபா கடைசியாகப் பாடிப் போகும்போது இரண்டு பக்கமும் இருபத்தேழு புள்ளி. இன்னும் ஒன்று எடுத்தால் கோப்பை. நாராயணி அவள் கணுக்காலைப் பிடிக்கப் பாய்ந்தாள். கை பட்டது, பிடி நழுவியது; இனி நடுக்கோட்டைத் தாண்டினாலே அந்தப் புள்ளி எங்களுக்கு. நாராயணி மோவாய் தரையில் இடிக்கக் குப்புற விழுந்தாள்.

ஹெப்சிபா நின்றுவிட்டாள்.

"அடிப்பாவி, பேசிராதட்டி!" என்று கத்தினேன்.

பேசவில்லை. ஓடவும் இல்லை. குனிந்து, நாராயணியின் நாடியை நிமிர்த்திப் பார்த்து, "கபடி? கபடி? கபடி?" என்று கேட்டாள். சத்தியமாகக் கேட்டாள்! விழுந்தவளும் ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். எதிரணி மலைத்துப்போய் நின்றது. அவர்கள் சுதாரித்துப் பாய்வதற்குள் ஒரே தாவில் நடுக்கோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து விழுந்தாள்.

ஜெயித்துவிட்டோம்! மம்சாபுரத்துப் பெண்களுக்கு முதல் கோப்பை. வேட்டுச் சத்தமும் விசில் சத்தமுமாக மைதானமே அல்லோலகல்லோலப்பட்டது. அவளைத் தூக்கலாம் என்று ஓடினால் ஆளைக் காணோம். எதிர்ப்பக்கத்தில் நாராயணி பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். பரிசு வாங்கக் கூப்பிட்டால், "செத்த இருங்கக்கா, இவளுக்கு ஐஸ் கட்டி கேட்டிருக்கேன்" என்கிறாள்.

கோப்பையை நானே வாங்கிக்கொண்டு போய் அவள் மடியில் வைத்தேன். நாலு மாதம் இவளோடு பேசாமல் இருந்தேனே என்று நினைத்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவள் கோப்பையைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"ஏன்க்கா அழுதிய? எங்கயும் அடி பட்டுச்சா?"