கால் டிரம்முக்கு வைத்த மைக்

அலுப்பு என்றால் என்ன என்று மைக்செட்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உத்திரமேரூரைச் சுற்றிக் கல்யாணம், காதுகுத்து, சாவு, கட்சிக் கூட்டம் எது நடந்தாலும் என் குழாய் ஒலிபெருக்கிதான் மரத்தில் ஏறும். ஏற்றுவதும் நான், இறக்குவதும் நான், "இன்னாப்பா, சத்தமே பத்தலியே" என்று பேச்சு வாங்குவதும் நான். பத்துப் பதினைந்து வருடம் அந்தக் குழாய்களுக்கு அடியில் நின்று நின்று என் காதே குழாய்க் காதாகிவிட்டிருந்தது. அது அப்போது எனக்குத் தெரியாது.

அந்த டிரம்காரன் ரைஸ்மில்லில் மூட்டை தூக்குகிறவன். காலனி சர்ச்சில் டிரம் அடிக்கப் பழகி, பிறகு எங்கள் பக்கத்துப் பாட்டுக் கச்சேரிகளில் வாசித்துக்கொண்டிருந்தான். என்னைவிட நாலைந்து வயது சின்னவன், அண்ணா என்றுதான் கூப்பிடுவான். டிரம் செட்டில் தரையோடு படுத்திருக்கும் பெரிய டிரம்மை, வலது காலால் மிதித்து அடிப்பதை, நாங்கள் கால் டிரம் என்போம். அதை அவன் மிதித்தால் மேடைப் பலகைக்கு அந்தப் பக்கம் நிற்கிற எனக்கு உள்ளங்காலில் தெரியும். எத்தனையோ டிரம்காரர்களுக்கு மைக் கட்டியிருக்கிறேன். இப்படி ஒரு காலைப் பார்த்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. மாகறல் திருவிழாக் கச்சேரிக்குப் பாட வந்த மெட்ராஸ்காரர் ஒருவர் அவன் வாசிப்பைக் கேட்டு அசந்துபோனார். அவருடைய குழுவில் இருந்த டிரம்காரர் விலகப்போகிறாராம். "எங்க தலைவர் கேட்டுட்டுத்தான் முடிவு சொல்வார். ஒரு கேசட் அனுப்பு. கால் அடிய நல்லாப் பதிஞ்சு அனுப்பு, அவர் அதைத்தான் பார்ப்பார்" என்று சொல்லி விலாசமும் எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தை அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்து எடுத்துக் காட்டியதில் மடிப்பெல்லாம் கிழிந்துவிட்டது. அவன் மனைவி அதே மில்லின் களத்தில் அவித்த நெல்லைக் காயவைக்கிறவள். இது அமைந்தால் இருவரும் மில்லை விட்டு மெட்ராஸுக்குப் போய்விடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வேறு வழி எதுவும் அவர்கள் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இல்லை.

பதிவதற்கு என்னைக் கேட்டான். மில்லுக்கு விடுமுறை நாள், பகல் நேரம். தென்னேரியில் மூன்று நாள் கல்யாணத்தை முடித்துவிட்டு, கண்ணில் மண் விழுந்த மாதிரி எரிய, நேரே அங்கே போனேன். நெல் குடோனுக்குள் டிரம் செட்டைப் போட்டிருந்தான். யாரிடமோ கெஞ்சி ஒரு டூ-இன்-ஒன் டேப் ரிக்கார்டர் வாங்கி வைத்திருந்தான். நான் ஆம்ப்ளிபயரிலிருந்து ஒரு ஒயரை டேப்புக்கும், இன்னொன்றை வெளியே புளியமரத்தில் கட்டிய குழாய்க்கும் கொடுத்தேன். குழாய் இல்லாமல் சத்தம் பார்ப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது.

கால் டிரம்மின் முன்தோலைக் கழற்றி உள்ளே இரண்டு கோணிப்பையை மடித்து வைத்தோம். மற்ற டிரம்களுக்கு ஒரு மைக்கை மேலே உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டாயிற்று. காலுக்கு எதை வைப்பது என்பதுதான் கேள்வி. என்னிடம் மிச்சம் இரண்டு மைக் இருந்தன. ஒன்று கனமான பழைய இரும்பு உருண்டை. அதில் யார் பாடினாலும் ஜலதோஷம் பிடித்த மாதிரி இருக்கும். செவிட்டு மைக் என்று பெயரே வைத்திருந்தேன். இன்னொன்று புதிது, பாடகர்களுக்காக வாங்கியது. மூச்சு விட்டால்கூடப் பளிச்சென்று கேட்கும்.

முதலில் பழையதை வைத்து, டேப்பைப் பதிவில் ஓடவிட்டு, வெளியே மரத்தடிக்குப் போய் நின்றேன். அவன் மிதித்தான். குழாயில் ஒன்றுமே வரவில்லை. ஈரத்துணியை உதறுகிற மாதிரி ஒரு பொத் சத்தம், அவ்வளவுதான். உள்ளே வந்து புதியதை மாட்டினேன். இப்போது குழாயில் டக் டக்கென்று அடி எண்ணுகிற மாதிரி விழுந்தது. கேட்டியா, இதான் என்றேன்.

அவன் டேப்பைப் பின்னால் ஓட்டி இரண்டையும் போட்டுக் கேட்டான். டூ-இன்-ஒன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேட்டான். பிறகு மறுபடியும் பழைய மைக்கை வைக்கச் சொல்லி டேப்பைப் பதிவில் ஓடவிட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூக்கம் கண்ணை இழுக்கிறது, வீட்டுக்குப் போனால் போதும் என்றிருக்கிறது, இவன் வேறு.

"பழசே இருக்கட்டுமேண்ணா. இதுல அடி வவுத்துலருந்து வர்ற மாரி கீது" என்றான்.

"டே, உனுக்கு அடிக்கத்தான் தெரியும், கேக்கத் தெரியாது. நான் எத்தினி வருசமா மைக் கட்டிக்கினு கீறேன்? பழசு வேலைக்கு ஆவாது. எட்றா அத."

அவனே பழையதைக் கழற்றிக் கொடுத்தான். புதிய மைக்கிலேயே, வேறு கேசட்டில், அரை மணி நேரம் வாசித்தான். பிரமாதமாக வாசித்தான், அதைச் சொல்லியாக வேண்டும்.

ஒன்றரை மாதம் கழித்துக் கார்டு வந்தது. மூன்று வரி. கை சுத்தம், காலில் பலம் போதாது, வேறு ஆளைப் பார்த்துக்கொண்டோம் என்று எழுதியிருந்தது. அவன் அதை அப்படியே நம்பிவிட்டான். அதுதான் கொடுமை. மணலைத் துணியில் முடிந்து கணுக்காலில் கட்டிக்கொண்டு கொஞ்ச நாள் சாதகம் பண்ணினான். கச்சேரியில் மிதிக்கும்போதெல்லாம் குனிந்து தன் காலையே பார்க்க ஆரம்பித்தான். அப்படிப் பார்க்கிறவனுக்குத் தாளம் நிற்குமா? ஒரு வருடத்துக்குள் வாசிப்பதையே விட்டுவிட்டு, டிரம் செட்டைச் சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டான்.

அடுத்த வருடம் வாலாஜாபாத்தில் ஒரு கடைக்குப் போனேன். இடுப்பு உயரத்துக்குப் பெரிய பெட்டி ஸ்பீக்கர்கள் வந்திருந்தன. இனி குழாய் எல்லாம் செல்லாது, இதைக் கேட்டுப் பாரும் என்றார் கடைக்காரர். என் பையில் ஏதோ ஒரு கேசட் கிடந்தது, எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு மைக் சோதித்துப் பார்த்த கேசட் அது. பழைய மைக்கில் அவன் மிதித்த மிதி வந்தது. அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. தெருவில் போன ஆள் நின்று எட்டிப் பார்த்தார். அப்புறம் புதிய மைக், டால்டா டப்பாவைக் குச்சியால் தட்டுகிற சத்தம். அப்புறம் மறுபடி பழையது, அதன் மேலேயே அவன் குரல், "பழசே இருக்கட்டுமேண்ணா." அதை அடுத்து என் குரல். கேக்கத் தெரியாது என்று நான் அவனைச் சொல்வதை அந்தக் கடையில் நாலு பேரோடு நின்று கேட்டேன்.

குழாயில் கனமான தாழ்ந்த சத்தம் ஏறவே ஏறாது, மேல் சத்தம் மட்டும்தான் வரும் என்று கடைக்காரர் சொன்னார். அவர் சொல்வதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. ஐயோ என்று இருந்தது. உடனே பஸ் ஏறிப் போய் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. நாளைக்குச் சொல்லலாம், பொங்கல் கழியட்டும், அறுவடை முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். வெட்கம் பாதி, அசதி பாதி. மில் வழியாகப் போக வேண்டியிருந்தால் சுற்றிக்கொண்டு போனேன். எதைத் தூக்கிச் சுமந்தாலும் இறக்கிவைத்தால் அசதி போய்விடும், இது போகவில்லை.

கடைசியில் ஒரு நாள் முற்பகலில் மில்லுக்கே போனேன். தவிட்டுத் தூசி படிந்து, தலைமயிரெல்லாம் வெள்ளையாக வந்து நின்றான். எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், பழைய மைக், கடை, கண்ணாடி, எல்லாம். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"அப்ப என் காலு நல்லாத்தான் இருந்துச்சாண்ணா?" என்றான்.

"நல்லாத்தான் இருந்துச்சு. எல்லாம் நான் வெச்ச மைக்கு."

அவன் முகம் மலர்ந்ததை என்னால் பார்த்துத் தாங்க முடியவில்லை. களத்துப் பக்கம் திரும்பிக் கத்தினான். "ஏமே! கேட்டியா? என் காலு நல்லாத்தான் இருந்துச்சாம்! அண்ணன் சொல்லுது!"

அவள் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே எங்கள் பக்கம் வந்தாள். "அததான நான் அன்னிலருந்து சொல்லிக்கினு கீறேன்" என்றாள் அவனிடம். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது உனுக்கு எப்பண்ணா தெரியும்?"

நேற்றுதான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் தெம்பில்லை.

"ஆறு வருசமாத் தெரியும்மா" என்றேன்.

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு தோள் துண்டை உதறித் தலையில் சும்மாடு கட்டிக்கொண்டு, அடுத்த மூட்டைக்கு உள்ளே போய்விட்டான்.