வராத காருக்கு ஒரு இடம்

கண்டக்டர் வீட்டு வாசலில் கார் நிறுத்த இடம் இருக்கிறது. கார்தான் இல்லை. முதலில் இடத்தைப் பிடித்துவிட வேண்டும், கார் தானாக வந்து சேரும் என்பது அவருடைய கொள்கை. அவருடைய சம்பளம் மட்டும் இன்னும் அந்தக் கொள்கைக்கு ஒத்துவரவில்லை.

ஊர் எல்லையில், பஸ் கடைசியாகத் திரும்பும் இடத்துக்குப் பின்னால் இருக்கிறது அந்தத் தெரு. வீடுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். ஒரு கார் ஒதுங்கி நிற்கும் அகலம் கண்டக்டர் வாசலில் மட்டும்தான். அங்கே இரண்டு பெயின்ட் வாளிகளில் சிமெண்டைக் கொட்டி, வாளிக்கொரு குழாயை நட்டு, குறுக்கே கயிறு கட்டியிருந்தார். கயிற்றில் ஒரு சிவப்புத் துணி தொங்கும். காணோம் காணோம் என்று அவர் மனைவி வீடெல்லாம் தேடிய மேஜை விரிப்பு அது.

"கார் எப்ப வருது?" என்று யார் கேட்டாலும், "அடுத்த மாசம்" என்பார். எந்த வருஷத்து அடுத்த மாசம் என்று திருப்பிக் கேட்க, மாடியில் குடியிருந்த அவருடைய அக்காவைத் தவிர யாருக்கும் மனசு வரவில்லை.

"முதல்ல ஓட்டக் கத்துக்கடா. விசில் ஊதினா கார் நகராது."

"இடம் போனா திரும்பக் கிடைக்குமாக்கா?"

எதிர்வீட்டு வங்கிக்காரரிடம் நிஜமான கார் இருந்தது. பாவம், அதை மூன்று தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வருவார். ஒருமுறை வாளியை நகர்த்தலாமா என்று கேட்டுப் பார்த்தார். "என் வண்டி வர்ற நேரம் சார்" என்று பதில் வந்தது. அதோடு இரு வீட்டுக்கும் பேச்சு நின்றது. வங்கிக்காரரின் மனைவி மட்டும் கண்டக்டருக்கு 'வாளி' என்று பெயர் வைத்து ஆறுதல் அடைந்தார்.

அந்த அம்மாள்தான் ஒரு மழைநாளில் படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டோடு அவரை ஆஸ்பத்திரியிலிருந்து ஏற்றிவந்த வங்கிக்காரரின் கார் நடுத்தெருவில் நின்றது. பின்னால் தண்ணீர் லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தது. அன்று கண்டக்டருக்கு விடுமுறை. கேட்டில் சாய்ந்து தன் காலி இடத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

வாளியை எடுத்தால், கார் வராது என்று தன் வாயாலேயே தெருவுக்கு அறிவித்ததாகிவிடும். இத்தனை வருஷம் கட்டிக் காத்த கௌரவம். நிமிர்ந்து பார்த்தார். மாடியில் அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதற்கு அவர் திட்டியே இருக்கலாம்.

கண்டக்டர் கயிற்றை அவிழ்த்தார். வாளி லேசில் நகரவில்லை. கௌரவத்துக்குக் கனம் இருக்கத்தானே செய்யும். உருட்டி ஓரம் தள்ளிவிட்டுக் காரின் முதுகில் தட்டத் தொடங்கினார்.

"வா, வா, வா... லெஃப்ட்ல ஒடி... இன்னும் வா... ஹோல்டான்!"

"மெதுவாத் தட்டுங்க, இது பஸ் இல்ல" என்று முனகினார் பின்சீட்டு அம்மாள்.

"அவசரமில்லம்மா, பாத்து எறங்குங்க."

"டிக்கெட் எவ்வளவு?"

கண்டக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கால் குணமாகிற வரைக்கும் என்றுதான் பேச்சு. கால் குணமாகி அம்மாள் கடைக்கு நடக்கிறார். கார் அங்கேயேதான் நிற்கிறது. காலையில் அது கிளம்பியதும் கண்டக்டர் வாளிகளை இழுத்துப்போட்டுக் கயிறு கட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார். போன வாரம் ஒரு வேன்காரர் அங்கே ஒதுங்கப் பார்த்தார்.

"எடுப்பா, எடுப்பா. கார் வர்ற நேரம்."

"யார் காரு?"

"நம்ம காருதான்."

மாடியிலிருந்து குரல் வந்தது: "அடுத்த மாசம்னு சொன்னான். சொன்னபடி வந்துடுச்சு பாரு!"