துருத்தி இழுத்த கை

பாபநாசத்தில் மலையிறங்கிப் புன்னைக்காயலில் கடல் சேருகிற வரைக்கும், தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த கைகளில் சாலோமி பிடித்துப் பார்க்காத கை ஒன்றுகூடக் கிடையாது. ஒரு லட்சம் கையாவது இருக்கும். சரி, லட்சம் என்பது கொஞ்சம் கூடுதல்தான். எழுதும்போதே எனக்குத் தெரியும். உப்பில்லாத பேச்சு தொண்டையில் இறங்காது என்பதால் ஒரு கை கூட அள்ளிப் போட்டேன். உள்ளபடி சொன்னால் எண்ணூற்று நாற்பது பேர், ஆளுக்கு இரண்டு கை.

சாலோமிக்குக் கைரேகை பார்க்கத் தெரியாது. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் கல்லூரியில் நர்சிங் பிள்ளைகளுக்கும் பிசியோதெரபி பிள்ளைகளுக்கும் உடற்கூறியல் சொல்லிக்கொடுக்கிறவள். கல்லூரி மேசையில் எந்த எலும்பைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் அது வலதா இடதா என்று தடவியே சொல்லிவிடுவாள். நாற்பத்தொரு வயதில், மகள் ஃபெபி பத்தாம் வகுப்புக்குப் போன வருஷம், முனைவர் பட்டத்துக்குப் பதிந்தாள். "மகளும் பரீட்சை எழுதட்டும், நானும் எழுதுதேன். வீட்டுல யாரு டிவி போடுதாங்கன்னு பாப்போம்" என்று சொன்னவள், ஏழு வருஷத்துக்கு டிவியை மூடியே வைத்தாள்.

அவள் ஆராய்ச்சி மணிக்கட்டுக்குள் இருந்தது. கட்டை விரல் நுனியையும் சுண்டு விரல் நுனியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கினால், நட்டநடுவில் தோலுக்கடியில் ஒரு மெல்லிய தசைநாண் கம்பி மாதிரி எழும்பும். வாசிக்கிறவர்களும் செய்து பார்க்கலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள். சிலருக்கு அது எழும்பாது. பிறக்கும்போதே கிடையாது. சிலருக்கு ஒரு கையில் இருக்கும், மறு கையில் இருக்காது. இல்லாவிட்டால் ஒரு குறையும் இல்லை. குடம் தூக்கலாம், கும்மி அடிக்கலாம். ஆனால் விபத்தில் விரலின் நாண் அறுந்து வருகிறவர்களுக்கு டாக்டர்கள் இதை எடுத்துத்தான் ஒட்டுப் போடுவார்களாம். அப்போது எந்தக் கையில் இருக்கும், எந்தக் கையில் இருக்காது என்று ஊர்க்கணக்கு ஒன்று இருந்தால் நல்லது. சாத்தான்குளம் பக்கத்துப் பனையேறிகள், முக்கூடல் பக்கத்தில் பீடி சுற்றுகிற பெண்கள், வள்ளியூர்ச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள், ஸ்ரீவைகுண்டத்து வாழைக்காரர்கள் என்று நாலு தொழில் எடுத்துக்கொண்டாள்.

இந்த நாண் அவளுக்குப் புத்தகத்தில் அறிமுகமானது அல்ல. அவள் அப்பா வேதநாயகம் ஸ்ரீவைகுண்டத்தில் ஒன்றரை ஏக்கர் வாழை வைத்திருந்தார். ஆறு நாளும் மண்வெட்டி, ஏழாம் நாள் வேதக்கோயிலில் ஆர்மோனியம். ஐந்து வயதுச் சாலோமி சங்கீதத்தின்போது அவர் முழங்காலை ஒட்டிப் பாயில் உட்கார்ந்திருப்பாள். அவள் கண்ணுக்கு நேரே அப்பாவின் மணிக்கட்டுகள். கட்டை அழுத்துகிற கையில் ஒரு கம்பி ஏறி ஏறி இறங்கும். துருத்தி இழுக்கிற கையில் அது இல்லை, வழவழவென்று இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெபத்துக்கு நடுவில், கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கேட்டுவிட்டாள்: "எப்பா, இந்தக் கைக் கம்பிய யாரு எடுத்தா?"

வேதநாயகம் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "அதத்தான் பெட்டிக்குள்ள மாட்டியிருக்கேன் மக்கா. இல்லன்னா எப்படிப் பாடும்?"

ரொம்ப நாள் அதை நம்பினாள். கல்லூரியில் சேர்ந்து, பதப்படுத்திய உடலின் முன்கையில் அந்த நாணை முதன்முதலில் சாமணத்தால் தூக்கிப் பார்த்தபோது, மற்றப் பிள்ளைகள் நெடி தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க, இவளுக்கு மட்டும் சங்கீதம் கேட்டதாம்.

கை பார்க்கப் போன அந்தச் சனிக்கிழமைகள் மாதிரி இனி வராது. காலை ஆறே முக்கால் பஸ். ஒரு பையில் தாள்கள், ஒரு பையில் எலுமிச்சம்பழச் சோறு. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு மைப்பெட்டி. முக்கூடலில் பீடி சுற்றுகிற பெண்கள் தட்டை மடியிலிருந்து இறக்காமல் ஒரு கையை மட்டும் நீட்டுவார்கள். கம்பி எழும்பாத பெண்ணைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவள், "இவளுக்கு நரம்பே கெடையாது டீச்சர், நாங்க அப்பமே சொன்னோம்" என்பாள். சாத்தான்குளத்தில் ஒரு பனையேறி, மரத்தில் பாதியில் நின்றுகொண்டு, "அங்கன இருந்தே பாத்துக்கிடுங்க, எறங்கி ஏறணும்னா காலு வலிக்கும்" என்று ஒரு கையை மடக்கிக் காட்டினார். அது தெரிந்ததா என்று கேட்டால் தெரிந்தது என்றுதான் சொல்வேன். பனை உயரம் எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

இரண்டாம் வருஷம் ஸ்ரீவைகுண்டத்து முறை வந்தபோது கல்லூரியில் பரீட்சைக் காலம். சாலோமியால் நாலு சனிக்கிழமை நகர முடியவில்லை. "நான் போயிட்டு வாரேன்" என்றான் அவள் புருஷன் ஜாபேஸ். தாலுகா ஆபீசில் எழுத்தர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். சாலோமி அவனுக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்தாள். விரலை எப்படிச் சேர்ப்பது, எங்கே தொடுவது, சந்தேகம் வந்தால் எப்படித் திரும்பப் பார்ப்பது எல்லாம் சொன்னாள்.

ஒன்றைச் சொல்லவில்லை. அது ஒவ்வொரு வருஷமும் புதுப் பிள்ளைகளுக்கு அவள் எடுக்கிற முதல் வகுப்பு: எதிரே இருக்கிற உடலின் வலது, அந்த உடலுக்கு வலது, பார்க்கிற உனக்கு அல்ல. இருபது வருஷமாகச் சொல்லிச் சொல்லி, உலகத்தில் எல்லோருக்கும் அது தெரியும் என்றே நினைத்துவிட்டாள்.

ஜாபேஸ் மாமனார் வீட்டில் தங்கி, மாமனாரையே கூட்டாளியாக வைத்துக்கொண்டு வாழைத் தோட்டம் தோட்டமாகப் போனான். வேதநாயகம் வரப்பில் முன்னால் நடந்து, "ஏலே, எல்லாரும் கையக் கழுவிட்டு வாங்கலே, மாப்பிள்ள வந்திருக்காரு" என்று ஆள் சேர்ப்பார். நாலு வாரத்தில் இருநூறு பேர். முதல் தாள் வேதநாயகத்துக்கே.

அதற்கப்புறம் கொரோனா வந்தது. இரண்டாம் அலையில் வேதநாயகம் போய்விட்டார். ஒன்பது பேர் நின்று அடக்கம் செய்தார்கள், ஆர்மோனியம் இல்லாமல்.

சாலோமி திரும்பத் தாள்களைத் தொட இரண்டு வருஷம் ஆயிற்று. வாங்கக்கூடிய நீட்டிப்பெல்லாம் வாங்கியாகிவிட்டது. செப்டம்பர் முப்பதுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஏழு வருஷ உழைப்பு ஆற்றில் கரைத்த புளி. ஜூன் மாதம் ஒரு சாயங்காலம், சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு ஸ்ரீவைகுண்டத்துத் தாள்களை ஏற்றத் தொடங்கினாள். முதல் தாள். வேதநாயகம், வயது எழுபத்திரண்டு, வாழை விவசாயம். கீழே அப்பாவின் கையெழுத்து, கடைசி எழுத்தில் ஒரு வால். அந்த வாலைப் பார்த்துச் சிரித்தவள், கட்டத்தைப் பார்த்து நின்றாள்.

வலது: இல்லை. இடது: உண்டு.

சாலோமி கணினியைத் தள்ளிவிட்டு, மேசையில் ஆர்மோனியம் இருப்பது மாதிரி இரண்டு கையையும் வைத்துப் பார்த்தாள். வலக்கை கட்டையில். இடக்கை துருத்தியில். கம்பி இல்லாதது துருத்தி இழுத்த கை.

"என்னங்க, இங்கன வாங்க. என் எதிர்ல உக்காருங்க. எனக்கு ஒரு தாள் போடுங்க."

ஜாபேஸ் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்தான். அவள் கையை மடக்கினாள். அவன் கையைப் பார்த்தான், தாளைப் பார்த்தான், கை எந்தப் பக்கம் இருந்ததோ அதற்கு நேரே இருந்த கட்டத்தில் குறி போட்டான்.

"இது எனக்கு எந்தக் கை?"

"சோத்தாங்கை."

"எதுல போட்டிருக்கீங்க?"

குனிந்து பார்த்தவன் நிமிரவில்லை. "நேருக்கு நேராத்தானே போட்டேன்" என்றான்.

"எல்லாத்தையும் இப்படியா?"

"சில பேரு, 'எனக்குப் பீச்சாங்கையில இல்லயா சார்'னு வாயத் தொறந்து கேட்டாங்க. அவுகளுக்குச் சரியாப் போட்டிருப்பேன்."

அதுதான் சிக்கல். எல்லாமே தலைகீழ் என்றால் மொத்தமாகத் திருப்பிப் போட்டுவிடலாம். சிலது நேர், சிலது தலைகீழ் என்றால் எதையும் நம்ப முடியாது. அவனைப் பெற்றவள் நான், சொல்லக் கூடாது, ஆனாலும் அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்திருந்தால் கல்லும் கரைந்திருக்கும். சாலோமி கரையவில்லை. நாலு நாள் அவனுக்குக் காப்பி மேசையில் வைக்கப்பட்டது, கையில் கொடுக்கப்படவில்லை.

ஐந்தாம் நாள் தாள்களைப் பிரித்தாள். இரண்டு கையிலும் நாண் இருப்பவர்களால் வம்பில்லை, இரண்டிலும் இல்லாதவர்களாலும் வம்பில்லை. ஒரு கையில் மட்டும் இல்லாதவர்கள் பதினான்கு பேர். அவர்களைத்தான் மறுபடி பார்க்க வேண்டும்.

வழிகாட்டிப் பேராசிரியர் ஆவுடைநாயகம் நல்ல மனுஷர், ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தது. "பதினாலு பேர எடுத்துருமா. யாரு கேக்கப் போறா?" என்றார்.

"எடுத்துட்டா, ஒரு கைக்காரங்களே இல்லாத ஊரு ஸ்ரீவைகுண்டம்னு நான் எழுதின மாதிரி ஆயிரும் சார். பொறவு ஒரு டாக்டர் அத நம்பி யாரோ ஒருத்தர் கையக் கிழிப்பாரு."

"மூணு மாசத்துல எப்படிப் பிடிப்ப?"

"பஸ்ஸுலதான் சார்."

புருஷனும் பெண்டாட்டியுமாக மறுபடி ஆறே முக்கால் பஸ். அந்த வருஷம் வாழை நல்ல விளைச்சல். வரப்பெல்லாம் தார் சாய்ந்து கிடந்தது. இலை அறுத்துக்கொண்டிருந்த சுடலைவடிவு ஜாபேஸை அடையாளம் கண்டு அரிவாளை இடுப்பில் செருகினாள்.

"வாங்கய்யா. அன்னைக்குக் கையப் புடிச்சுப் பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாமப் போனீக. அஞ்சு வருஷமா யோசிக்கேன். என்ன, ஆயுசு கம்மியா?"

"ஒனக்கு நூறு வயசு" என்றான் ஜாபேஸ்.

"அப்பம் இந்த எலைக்கட்டு இன்னும் நாப்பது வருஷமா! வேற கை இருந்தா பாருங்கய்யா."

பிச்சைக்கண்ணு வாழையை விட்டுவிட்டு வள்ளியூரில் மகனுடைய டீக்கடையில் இருந்தார். கண்ணாடிக் கிளாஸை இறக்காமல், "இந்தக் கை வேலையா இருக்கு, அந்தக் கையப் பாத்துட்டு இருங்க தாயி, இது பைய வரும்" என்றார். பிரியதர்ஷினி கல்யாணமாகிச் சாத்தான்குளம் போயிருந்தாள். வாசலில் வழிமறித்த அவள் மாமியாரின் கையை முதலில் பார்த்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். ஒருவருக்காகத் தூத்துக்குடி, ஒருவருக்காகக் கயத்தாறு. ஆகஸ்டு கடைசியில் பதின்மூன்று தாளும் சரியாயின. ஒன்பது தலைகீழ், நாலு நேர். ஒவ்வொரு தாளிலும் ஜாபேஸ் தன் குறியைத் தானே அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டான். திரும்பி வருகிற பஸ்ஸில் ஒரு நாள் சாலோமி அவன் தோளில் தூங்கினாள். சமாதானம் அப்படித்தான் வந்தது.

பதினான்காவது தாள் வேதநாயகம்.

அவர் வீட்டைத் திறந்தார்கள். ஆர்மோனியம் மச்சுப்படிக்குக் கீழே, சாக்குப் போட்டு மூடியிருந்தது. சாலோமி தரையில் உட்கார்ந்து சாக்கை நீக்கினாள். துருத்தியின் விளிம்பில், அப்பாவின் நாலு விரலும் பிடித்துப் பிடித்து மரம் வெளுத்திருந்தது. அவள் தன் இடக்கையின் நாலு விரலை அந்த இடத்தில் வைத்து இழுத்தாள். பெட்டி முதலில் இருமியது, அப்புறம் பாடியது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வரைக்கும் கேட்டது என்பேன். பக்கத்து வீட்டுக்காவது கேட்டிருக்கும். யாரோ எட்டிப் பார்த்து, "ஐயா வாசிக்குத மாதிரியே இருக்கு" என்றார்களே.

அங்கேயே, ஆர்மோனியத்தின் மேலேயே தாளை வைத்து, சாலோமி ஜாபேஸின் குறியை அடித்தாள். இடது: இல்லை. வலது: உண்டு. எண்ணூற்று நாற்பது நிறைந்தது. செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி ஆய்வேடு உள்ளே போயிற்று. அடுத்த ஆண்டு வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் கடைசியில் தன் சட்டைக் கையை மடித்து, தனக்கு எந்தப் பக்கம் இல்லை என்று அவளிடமே கேட்டாராம். இப்போது வாசல் பலகையில் முனைவர் சாலோமி. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் இன்னும் அவள் கண் இலையில் இருக்காது, எதிர் வரிசை மணிக்கட்டுகளில் இருக்கும். சனிக்கிழமை காலையில் காரணமில்லாமல் ஆறு மணிக்கு எழுந்துவிடுகிறாள்.

இவ்வளவையும் வாசித்துக் காட்டியபோது சாலோமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பனைமரத்துக்குச் சிரித்தாள், காப்பிக்கு முறைத்தாள். முடிந்ததும் கீரையைத் தள்ளி வைத்தாள்.

"அத்தே, எல்லாஞ் சரி. எண்ணூத்து நாப்பதுன்னு இருக்குல்லா, அத எண்ணூத்து முப்பத்தொம்பதுன்னு மாத்துங்க."

"ஏட்டி, ஒங்கப்பா தாள ஆர்மோனியத்து மேல வச்சுத் திருத்தலியா நீ?"

"திருத்தினேன். மறுநா காலையில அந்தத் தாள உருவி எடுத்துட்டேன். மத்த அத்தன பேரையும் கையப் புடிச்சுப் பாத்துத்தானே எழுதினோம். அப்பாவ மட்டும் எப்படி ஞாபகத்துல இருந்து எழுத? நன்றி சொல்லுத பக்கத்துல அவுக பேரு இருக்கு. கணக்குல இல்ல."