சனிக்கிழமை வேன்

ரோவீனா கெஸ்லர் எங்கள் கோயில் கழிப்பறைக் கதவை அளந்துகொண்டிருந்தபோதுதான் நான் அவரை முதன்முதலில் பார்த்தேன். உள்ளே யார் வீட்டுப் பெண்ணுக்கோ அரங்கேற்றம். ஜதி சொல்லும் குரல் சுவரைத் தாண்டிக் கேட்டது. வெளியே நீலச் சீருடை போட்ட வெள்ளைக்கார அம்மா ஒருவர் முழங்காலிட்டு, அளவு நாடாவைக் கதவுக்குக் குறுக்கே இழுத்துப் பிடித்திருந்தார்.

"ஏதாவது ரிப்பேருங்களா?" என்றேன்.

"முப்பத்திரண்டு அங்குலம் வேணும். உங்க கதவு முப்பதுதான். ஹார்லன் உள்ள போனா மாட்டிக்குவாரு."

"ஹார்லன் யாரு?"

"அது பெரிய கதை. இந்தக் கதவுக்கு யாரு பொறுப்பு, அதைச் சொல்லுங்க மொதல்ல."

அந்த வருடம் கட்டடப் பொறுப்பு என் தலையில் இருந்தது. ஆகவே கதையையும் கேட்டேன்; அடுத்த மாதமே கதவையும் மாற்றினேன். அவரிடம் முடியாது என்று சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு நேரம் பிடிக்கும் வேலை என்று.

ரோவீனா எங்கள் கார்வில் கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், நடத்தும் வேனின் ஓட்டுநர். கார் ஓட்ட முடியாத முதியவர்களையும் சக்கர நாற்காலிக்காரர்களையும் வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டு போய், அதே வாசலில் இறக்கிவிடும் வேன் அது. மருத்துவமனை, மளிகைக் கடை, வங்கி. இந்த மூன்றுக்கு மட்டும்தான் போகும். பதினொரு வருடமாக அவர் ஓட்டியது இந்த மூன்றுக்கும் நடுவே உள்ள சாலைகளில்தான்.

ஹார்லன் மீட் கூரை வேய்கிறவராக இருந்தவர். ஒரு மார்ச் மாதம் பனி வழுக்கிக் கூரையிலிருந்து விழுந்தார்; இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. பிறகு சிறுநீரகமும் கைவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் ரோவீனாவின் வேனில் டயாலிசிஸுக்குப் போவார். வழியில் மெர்ட்டன் ஊரைத் தாண்டும்போதெல்லாம் பழைய சினிமாக் கொட்டகை ஒன்று வரும். அதை இப்போது நாடக அரங்கமாக்கியிருந்தார்கள். வாசலில் பெரிய எழுத்தில் நாடகத்தின் பெயர் மாறிக்கொண்டே இருக்கும்.

"ரோவீனா, அந்தக் கூரையைப் போட்டவன் நான். உள்ள என்னதான் பண்றானுங்கன்னு ஒரு தடவை பாக்கணும். சனிக்கிழமை என்னை அங்க இறக்கி விட்டுடு," என்றார் ஒருநாள்.

"வேன் அங்கெல்லாம் போகாது ஹார்லன்."

"சாகறதுக்கு வழி காட்டற இடத்துக்குப் போகும். சிரிக்கற இடத்துக்குப் போகாதா?"

"பெல்ட்டைச் சரியா போடுங்க, பேசாம."

அப்படிச் சொல்லிவிட்டாரே தவிர, அன்று வீட்டுக்குப் போய் ரோவீனாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவரே அந்த அரங்கத்துக்குள் காலடி வைத்ததில்லை. அப்பா கல்குவாரியில் லாரி ஓட்டியவர். பாட்டு, கூத்து, ஓவியமெல்லாம் பிலடெல்பியாவில் இருக்கும் வேறு மனிதர்களுக்கு என்றே அந்த வீட்டில் நினைத்தார்கள். பள்ளியில் ஒருமுறை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனபோது அவர் கேட்ட ஒரே வார்த்தை 'தொடாதே' என்பதுதான். கணவர் வால்ட் இறந்த பிறகு, சனிக்கிழமை என்றால் துணி துவைப்பது, அப்புறம் டிவி.

மறுநாள் மேலாளரிடம் போய்க் கேட்டார். க்ரெக் ஸ்டாலர் அவரைவிட இருபது வயது இளையவர், கெட்டவரும் இல்லை.

"ரோவீனா, நம்ம கவுண்டில பாக்கறதுக்கு என்ன இருக்கு? ரெண்டு மால். சனிக்கிழமை வேன் விட்டா எங்க போவாங்க? யாரும் கேக்கவும் இல்லையே."

"என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. அதுதான் அவரைச் சுட்டது. தெரிந்துகொண்டு வருகிறேன் என்று கிளம்பினார்.

ஒரு வருடம், சனிக்கிழமை தவறாமல் சொந்தக் காரில் போனார். தீயணைப்பு நிலைய மண்டபத்தில் போல்கா நடனம். அங்கே பியரோகி என்ற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை தின்று, முழங்கால் வலியோடு ஒரு சுற்று ஆடியும் விட்டார். கொரியர்களின் தேவாலயத்தில் பாட்டுக் குழு. பழைய நூல் ஆலையில் மரக்கட்டையில் செதுக்கி ஓவியம் அச்சடிப்பவர்கள். அங்கே தொடச் சொன்னார்கள், கையெல்லாம் மை. பூங்காவில் பித்தளை வாத்தியக் குழு, உயர்நிலைப் பள்ளியில் பாட்டு நாடகம், எங்கள் கோயிலில் நடனம். போன இடத்திலெல்லாம் சாய்தளம் உண்டா, கதவு எத்தனை அங்குலம், சக்கர நாற்காலியை எந்த வரிசையில் நிறுத்தலாம் என்று நோட்டில் எழுதினார். பக்கத்திலேயே பிடித்ததா இல்லையா என்றும் எழுதினார். கோயில் பக்கத்தை எனக்குக் காட்டினார்: 'ஒன்றும் புரியவில்லை. மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மறுபடி போக வேண்டும்.'

நோட்டில் அறுபத்து மூன்று இடங்கள் சேர்ந்தன. அதை க்ரெக் மேசையில் வைத்தார். க்ரெக் நிஜமாகவே அசந்துபோனார். ஆனாலும், "கேக்கறவங்க இருக்கணுமே. எழுத்துல இருந்தாத்தான் மேல கொண்டுபோக முடியும்," என்றார்.

வேன் சேவையின் விதிப் புத்தகத்தை ரோவீனா அன்று முழுதும் படித்தார். ஒருவர் பயணம் கேட்டு மறுக்கப்பட்டால், பெயர், இடம், காரணம் மூன்றையும் பதிய வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பதிவை கவுண்டிக் குழுவின் முன் வைக்க வேண்டும். இதுவரை யாருமே அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்காததால் அந்தப் பக்கம் வெறுமையாகவே போய்க்கொண்டிருந்தது.

மறுநாளிலிருந்து வேனில் ஏறியவர்களிடமெல்லாம் ஒன்றே ஒன்று சொன்னார்: "ஆசைப்பட்ட இடத்துக்குப் போன் பண்ணிக் கேளுங்க. முடியாதுன்னுதான் சொல்வாங்க. சொல்லட்டும். திரும்பவும் கேளுங்க."

எண்பத்து மூன்று வயது ஐடா பெர்க் இதற்கென்றே பிறந்தவர். காலை எட்டு மணிக்கு அவருடைய போன்தான் அலுவலகத்தில் முதலில் அடிக்கும்.

"குட்மார்னிங் கண்ணு. என்னை போல்காவுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"இல்லம்மா, அது..."

"தெரியும். எழுதிக்கோ. பெர்க், B-E-R-G. நாளைக்குப் பேசறேன்."

மூன்று மாதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு மறுப்புகள். குழுக் கூட்டத்தில் அவற்றை ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்த உறுப்பினர், நாற்பதாவது பெயரில் நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். ஓட்டுநர் பேச மூன்று நிமிடம் கொடுத்தார்கள். ரோவீனாவுக்கு அதுவும் தேவைப்படவில்லை.

"இவங்க எல்லாரும் வரி கட்டறாங்க. அந்த அரங்கத்துக் கூரையைப் போட்டவரே உள்ள போனதில்ல. எந்த இடத்துக் கதவு எத்தனை அங்குலம்னு என்கிட்ட இருக்கு. வேன் மட்டும் குடுங்க," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

மாதம் இரண்டு சனிக்கிழமை மதியம், ஆறு மாதச் சோதனையாக அனுமதித்தார்கள்.

முதல் பயணம் மெர்ட்டன் அரங்கத்துக்கு. ஏழு பேர். ஹார்லன் சலவைச் சட்டையும் டையுமாக வந்தார். நாடகம் முடிந்து வெளியே வந்தவர் முகம் கடுகடுவென்றிருந்தது.

"புருஷனும் பொண்டாட்டியும் சமையல்கட்டுல ரெண்டு மணி நேரம் சண்டை போடறாங்க. இது என் வீட்டுலயே முப்பது வருஷம் ஓசில நடந்துச்சே!"

"நீங்க குறட்டை விட்டீங்க. மேடையில நடிச்ச பொண்ணு ரெண்டு தடவை திரும்பிப் பாத்தா," என்றார் ஐடா.

ஆனால் திங்கட்கிழமை டயாலிசிஸ் அறையில் ஹார்லன் நர்ஸிடம் கேட்டாராம்: "நாடகத்துல அவ ஏன் கார் சாவிய எடுத்துட்டுக் கெளம்பல? அவ்வளவு பேசினவ, ஏன் கெளம்பல?" அந்த வாரம் முழுக்க அதையே பேசினார்.

அந்தச் சனிக்கிழமை திரும்பும் வழியிலேயே ஐடா வேறொன்று கேட்டிருந்தார். "ரோவீனா, நாடகத்துல உன்னைக் காணோமே?"

"ஓட்டறவங்க வண்டிய விட்டு எறங்கக் கூடாது. விதி."

உண்மைதான். தாம் போராடி வாங்கிய மதியத்தை ரோவீனா மழையில், வாகன நிறுத்தத்தில், சாண்ட்விச் தின்று கழித்திருந்தார். வேனில் இருந்த ஏழு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். வீடு திரும்பியதும் அவர் மறுபடியும் விதிப் புத்தகத்தைத் திறந்தார். பயணி ஒருவர் துணைக்கு ஒருவரை இலவசமாக அழைத்துவரலாம் என்றிருந்தது. சனிக்கிழமை ஓட்டும் வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஹார்லனின் துணையாகப் பெயர் பதிந்துகொண்டார்.

சனிக்கிழமை ஓட்ட வேறு ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் க்ரெக்கே ஓட்டினார். பூங்காவின் பித்தளை வாத்தியம் தூரத்தில் கேட்கும்படி ஒரு சனிக்கிழமை, ஆலைக்கு வெளியே ஒரு சனிக்கிழமை, போல்கா மண்டபத்துக்கு வெளியே ஜன்னல் வழியே பியரோகி வாசம் வரும்படி ஒரு சனிக்கிழமை என்று வேனிலேயே உட்கார்ந்திருந்தார். நான்காவது சனிக்கிழமைக்கு முன்பே, விதியைத் திருத்தக் கோரி அவர் எழுதிய தாள் குழுவுக்குப் போய்விட்டது. வண்டியைப் பூட்டிவிட்டு ஓட்டுநரும் உள்ளே போகலாம்.

சோதனை முடிந்து மூன்று வருடமாகிறது. இப்போது வேன் எல்லாச் சனிக்கிழமையும் ஓடுகிறது. ஓட்டுவது மறுபடியும் ரோவீனாதான். அவருடைய நோட்டை நூலகத்தில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். அங்குலக் கணக்கோடும், பிடித்தது பிடிக்காததோடும். போன நவராத்திரிக்கு எங்கள் கோயிலுக்கு ஒன்பது பேரை இறக்கினார். ஹார்லன் சுண்டலை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். மேடையில் பெண்கள் ஆட ஆரம்பித்ததும், "இது எதைப் பத்தி?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

முன் வரிசையிலிருந்து ரோவீனா திரும்பினார். "பேசாம பாருங்க ஹார்லன். எனக்கும் இன்னும் புரியல."